பழைய டிராக்டருக்குப் புதிய பாகமா, புதுப்பித்த பாகமா?

பழைய டிராக்டருக்கு எல்லாப் பாகங்களையும் புதிதாகவே வாங்க வேண்டியதில்லை. விலை குறைவு என்று எல்லாவற்றையும் புதுப்பித்ததாகவே வாங்குவதும் தவறு. ஸ்டார்ட்டர் மோட்டாரில் பெரும்பாலும் தேய்பவை கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷுமே; அவற்றை மாற்றினால் மோட்டார் மேலும் உழைக்கும். டீசல் பம்பைச் சோதனைக் கருவியில் பூட்டி, டீசல் அளவைச் சரிபார்த்துத் தரும் பட்டறையில்தான் புதுப்பிக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்தால், குறைந்த அளவுக்கு ஏற்ற பேரிங்குகளைப் புதிதாகப் போடுவது அவசியம். கழற்றிய ஆயில் சீலையும் கேஸ்கட்டையும் மீண்டும் பொருத்தலாகாது.

ஆனால் பிரேக், ஸ்டீயரிங் பாகங்களில் சிக்கனம் கூடவே கூடாது. பாரம் ஏற்றிய டிரெய்லர் சரிவில் இறங்கும்போது ஓட்டுபவரின் உயிர் அவற்றையே நம்பியிருக்கிறது. அவற்றை ரசீதுடன் புதிதாக வாங்குவதே விவேகம். மற்றதில் மிச்சம் பிடித்த பணம் இதற்கு உதவட்டும்.