கேமராவை அணைத்தது யார் குற்றம்?



நேற்று கேத்தி வீட்டுக்கு என் தங்கை மகள் வந்திருந்தாள். கிராம சுகாதார செவிலியர். போனைச் சாய்த்து வைத்து ஏதோ ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தாள்; கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். "என்னம்மா இது?" என்றேன். "பேர் தெரிஞ்சா போதும் மாமா, அட்டென்டன்ஸ் விழுந்திடும்."

உடனே "இவங்களுக்கு அக்கறை இல்லை" என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 34 வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன், வகுப்பே தூங்கினால் முதல் குற்றவாளி வாத்தியார்தான் (நானும் இருந்திருக்கிறேன்). இரண்டு மணி நேரம் ஸ்லைடை வாசித்துவிட்டுக் கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்றால் யார் வாயைத் திறப்பார்? மழைக்கு இங்கே சிக்னல் போகும், உண்மைதான். ஆனால் நேற்று நல்ல வெயில்.

2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 'எக்கோ' முறையைத் தொடங்கினார். கிராமத்து மருத்துவர்களை வீடியோவில் கூட்டினார். பாடம் கொஞ்சம்தான், மீதி நேரம் அவரவர் நோயாளியைப் பற்றி அவரவரே பேச வேண்டும். அங்கே ஹெபடைடிஸ் சி-க்குக் கிராமத்தில் கிடைத்த சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரிக்கு இணையாக இருந்ததென்று 2011-ல் ஆய்வே வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸும் இந்த முறையில் நடத்துகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பயிற்சி நடத்தும் என் மாணவர்களே, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்க ஏரியாவுல சர்க்கரை மாத்திரையை யார் நிறுத்தினாங்க, ஏன்?"

நான் கேட்டேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு தேயிலை பறிக்கப் போய், தலைசுற்றி விழுந்து, பயத்தில் நிறுத்திவிட்ட ஒரு அம்மாவைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள். அந்தப் பக்கம் பயிற்சி ஓடிக்கொண்டே இருந்தது.