பொருந்தாமையைக் குறிக்கும் இரு சொற்கள்

பொருத்தமின்மையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் மாணவர் அரிதாகவே கையாளுவது ‘இனாப்ற்’ என்பது. இதனை ‘இனெப்ற்’ என்பதன் எழுத்துப் பிழையெனக் கருதித் திருத்த முற்படுவோரும் உளர். இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆயினும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இலத்தீன் மொழியில் ‘ஆப்துஸ்’ என்றால் இணைக்கப்பட்டது, பொருந்தியது என்பது பொருள். தகுந்த என்னும் பொருளுடைய ‘ஆப்ற்’ என்ற ஆங்கிலச் சொல் இதன்வழி வந்ததே. இதன்முன் ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர, அகரம் எகரமாகத் திரிந்து ‘இனெப்துஸ்’ என்றாயிற்று. ஆண்டைக் குறிக்கும் ‘அன்னுஸ்’ என்பதிலிருந்து ‘அனுவல்’ அகரத்துடனும் ‘பையெனியல்’ எகரத்துடனும் வந்தமை இத்திரிபுக்கு மற்றோர் எடுத்துக்காட்டாகும். இனெப்துஸ் என்பதே ‘இனெப்ற்’ ஆயிற்று. ‘இனாப்ற்’ என்பதோ, பிற்காலத்தில் ‘ஆப்ற்’ உடன் முன்னொட்டை நேரே சேர்த்து ஆக்கப்பட்டது. ஆதலின் அங்கே திரிபில்லை.

இன்றைய வழக்கில், ஓர் உவமை பொருளோடு ஒட்டவில்லையாயின் அவ்வுவமை ‘இனாப்ற்’. உவமையைக் கையாளும் திறனற்ற எழுத்தாளர் ‘இனெப்ற்’.

உரோமப் பேரறிஞர் சிசரோ, கி.மு. 55ஆம் ஆண்டில் நாவன்மை பற்றி இயற்றிய உரையாடல் நூலில், கிராசுஸ் என்னும் பேச்சாளர் வாயிலாக இச்சொல்லை ஆராய்கிறார். காலம் வேண்டுவதை உணராதவன், அளவுகடந்து பேசுபவன், தன்னைத் தானே காட்டிக்கொள்பவன், உடனிருப்போரின் தகுதியையும் வசதியையும் நோக்காதவன் ஆகியோரே ‘இனெப்துஸ்’ எனப்படுவர் என்பது அவர் விளக்கம். கிரேக்கர் இக்குற்றத்தில் ஊறியவராதலின் அதற்கொரு பெயர்தானும் அவர்மொழியில் இல்லையென எள்ளி நகைக்கிறார். எவ்விடத்திலும் எவர் நடுவிலும், அரிய பொருள்களையோ வேண்டாத பொருள்களையோ நுணுகி வாதிடுவதினும் பெரிய பொருந்தாமை இல்லை என்பது அவர் கருத்து.

இப்பட்டியலிற் கல்லாதவன் இடம்பெறவில்லை என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். மரணவீட்டில் தம் புலமையை விரித்துரைப்பவர் கற்றவரே. கேட்ட வினாவை விட்டு, மனனஞ் செய்த கட்டுரையால் விடைத்தாளை நிரப்பும் மாணவனும் இரவிரவாகப் படித்தவனே. அவனுக்குப் புள்ளி குறைவது அறியாமையாலன்று. அறிந்ததை இடமறிந்து வையாமையால். படித்த அத்தனையையும் எழுதிவிடும் ஆசை பரீட்சை மண்டபத்தில் எவருக்கும் எழுவதே. அவ்வேளையில் பேனாவைச் சற்றே கீழே வைத்து, வினாவை மீண்டுமொருமுறை வாசியுங்கள்.