பம்ப் வாங்கியாச்சு... பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது?

தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் பக்கம் நைட்டி தைப்பதுதான் முக்கியத் தொழில். சரக்கோடு ராஜபாளையம் வந்து தேசிய நெடுஞ்சாலை 744-ஐப் பிடித்தால், வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருமங்கலம். தெற்கே தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கொல்லம். இந்த ரோட்டிலேயே பிழைப்பு ஓட்டுகிறவர்களுக்கு 10,000 கிலோமீட்டர் ரொம்ப சீக்கிரம் வந்துவிடும். அடுத்த ஆயில் சேஞ்ச்!

டீசல் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்போது வாரண்டியும் கிடையாது. மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோதே டீசலை நிறுத்திவிட்டது. அதற்கு முன் விற்ற ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா டீசல் வண்டிகள் எல்லாம் இன்று கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. சர்வீஸ் சென்டரில் விடுவதா, நாமே பார்த்துக்கொள்வதா என்ற கேள்வி வருவது இங்கேதான். அப்போது கண்ணில் படுவதுதான் சக்‌ஷன் பம்ப். டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, பழைய ஆயிலை மேலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

இது நல்ல கருவி என்பதே என் கருத்து. முதல் காரணம், காருக்கு அடியில் படுக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. ஜாக்கி நழுவினால் உயிர் போகும். இரண்டாவது, சேம்பருக்குக் கீழே உள்ள டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டாம். மறை தேய்வது, வாஷர் மாற்ற மறந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுவது எல்லாம் அந்தப் போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது வரும் வம்புகள். மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிசு: சீல் உடைக்காத கேனை நம் கையாலேயே திறந்து ஊற்றுகிறோம். உள்ளே போனது என்ன ஆயில் என்று நமக்கே தெரியும்.

‘உறிஞ்சி எடுப்பதெல்லாம் ஒரு முறையா?’ என்று மெக்கானிக் அண்ணன் சிரிக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் இது பழைய பழக்கம். ஸ்மார்ட் என்ற குட்டிக் காரின் முதல் தலைமுறையில் டிரெயின் போல்ட்டே கிடையாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

வேலை இவ்வளவுதான். வண்டியை ஒரு பத்து நிமிடம் ஓட்டி வந்து, ஆஃப் செய்து, இன்னொரு பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் இளகியிருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. ரொம்பச் சூடாக இருந்தால் டியூப் குழைந்துவிடும். டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, டியூப் அடியில் தட்டும்வரை விட்டு, லேசாக மேலே இழுத்து வைத்துப் பம்ப்பை இயக்குங்கள். அளவுக்கோடு போட்ட கேனில் பிடிப்பது அவசியம். வண்டியின் கையேட்டில் மூன்று லிட்டர் என்று இருந்து, கேனில் இரண்டரைதான் வந்திருந்தால், மிச்சம் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். டியூபைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி முயலுங்கள். சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக் குழாய் சேம்பரின் ஆழமான இடத்துக்குப் போகாது. அந்த வண்டிக்கு இந்த முறை சரிப்படாது, விட்டுவிடுவதே நல்லது. (பம்ப் இருக்கிறதே என்று பைக் டேங்க்கில் பெட்ரோல் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். மோட்டாரில் வரும் ஒரு பொறி போதும்.)

ஃபில்டர் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஃபில்டரை அப்படியே விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே போட்டுக்கொள்கிற கதை. ஃபில்டர் மேலிருந்து கழற்றும்படி இருந்தால் உங்கள் வேலை சுலபம். கீழிருந்துதான் கழற்ற வேண்டும் என்றால் பம்ப்பால் பாதி லாபம்தான்.

புதிய ஆயிலை ஊற்றும்போது அவசரம் வேண்டாம். கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. டீசல் இன்ஜினில் அளவுக்கு மீறிய ஆயில், காற்று போகும் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு எரிபொருளாகவே எரியலாம். சாவியைத் திருப்பினாலும் வண்டி நிற்காது. பிஎஸ்6 டீசல் என்றால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அதற்கு ஒத்த, சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் தர எண்ணைப் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் பிராண்டை அல்ல. ஊற்றிய ஆயில் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம். டீசலில் புகைக்கரி கலப்பதால் கறுக்கும், அது இயல்பு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்டில் ஏற்றும்போது மெக்கானிக் கண்ணில் படும் கசிவு, கிழிந்த ஆக்சில் ரப்பர் எல்லாம் வீட்டு வாசலில் நமக்குத் தெரியாது. அதனால் இரண்டு முறை பம்ப், ஒரு முறை லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது கேனில் மூன்று லிட்டர் கறுப்பு ஆயில் இருக்கிறது. அதை என்ன செய்வீர்கள்?

நம்மூரில் இதற்கு ரெடியாகப் பதில் உண்டு. சென்ட்ரிங் பலகைக்குப் பூசலாம், கரையான் வராமல் மரச்சட்டத்துக்குத் தடவலாம், கொசு ஒழிய சாக்கடையில் ஊற்றலாம். மூன்றும் தப்பு. ஓடிய இன்ஜின் ஆயிலில் தேய்ந்த உலோகத்துகளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் கலந்திருக்கின்றன. கையுறை போடச் சொல்வது இதனால்தான். சாக்கடையில் ஊற்றியது ஓடைக்குப் போகும், ஓடை கண்மாய்க்குப் போகும். மண்ணில் கொட்டினால் கிணறு இருக்கிறது. ஒரே ஒரு ஆயில் சேஞ்சில் வரும் பழைய ஆயில் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க முடியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயில் மறுசுத்திகரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் அந்த விதி பேசுவது உற்பத்தியாளர், சேகரிப்பவர், மறுசுத்திகரிப்பவர் ஆகியோரிடம். வீட்டு வாசலில் மூன்று லிட்டர் கேனோடு நிற்கிற தளவாய்புரத்துக்காரரை அது கண்டுகொள்ளவே இல்லை.

ஜெர்மனியில் இதற்கு நேரான வழி இருக்கிறது. இன்ஜின் ஆயில் விற்கிற கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் காசு வாங்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ புது கேன் விற்கும் கடைக்கு, பழைய ஆயிலுக்கென்று ஒரு பேரல் வைப்பது பெரிய செலவில்லை. அந்த பேரலை மாதம் ஒருமுறை எடுத்துப்போகிற பொறுப்பை ஆயில் கம்பெனியிடம் விட வேண்டும். அதன் ஏஜென்ட் புது சரக்கு இறக்க எப்படியும் வரத்தானே செய்கிறார்?

அதுவரை, வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் பேசுங்கள். பெரிய ஒர்க்‌ஷாப்களில் பழைய ஆயிலுக்குத் தனி பேரல் இருக்கும். அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீர், கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதில் கலக்காதீர்கள்; கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பழைய ஃபில்டரை ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் அதே கேனில் சேருங்கள். புது ஆயில் வந்த கேனே இதற்குப் போதும். மேலே ‘பழைய இன்ஜின் ஆயில்’ என்று மார்க்கரில் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். பேரல் வைத்திருக்கும் ஆளை முதலில் பிடித்துவிட்டு, அப்புறம் பம்ப் ஆர்டர் போடுங்கள்.