முழைஞ்சுகளை அளப்போம்

குகை என்னும் சொல் நம் செவிக்குப் புதியதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தனித்திருந்து இறைச்சிந்தனையில் ஆழ்ந்ததும், முதல் இறைமொழியைப் பெற்றதும் ஹிராக் குகையில்தான். ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்கும் அருமைத்தோழர் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் அடைக்கலமானது ஸவ்ர்க் குகை. குகையின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. தமிழின் பக்கம் திரும்பினாலோ முழை, முழைஞ்சு, அளை, விடர், விடரகம், பிலம் எனக் குகைக்குத்தான் எத்தனை பெயர்கள்! இத்தனை பெயர் சூட்டிய நாம், நம் வட்டாரத்துக் குகை ஒன்றின் நீளம் என்ன, அகலம் என்ன, அது எத்திசை நோக்கியது என்று எவரேனும் வினவினால் விடையிறுக்க இயலாமல் நிற்கிறோம். இக்குறையை எடுத்துரைப்பதும், அதனைப் போக்கும் வழியொன்றைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைப்புறத்து மலைகள்

திருத்தணி மலைக்கோயிலின் அடிவாரத்துக் கடைத்தெருவில் வளர்ந்தவன் யான். வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என மூன்று மொழிகளும் ஒரே நாளில் நாவில் புரளும் ஊர் அது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலும், அதன்பின் சித்தூர் மாவட்டத்திலும் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலானோரின் போராட்டத்தாலும் படாஸ்கர் தீர்ப்பின் வழியாகவும் 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்தோடு இணைந்தது. கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து வகுக்கப்பட்ட எல்லை அது. எல்லைக்கோட்டை அவ்வளவு நுணுக்கமாக அளந்தோம். ஆயினும் கோட்டிற்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மலைகளின் வயிற்றுக்குள் இருப்பவற்றை அளக்க மறந்தோம்.

மொழியோ அந்தக் கோட்டை மதிப்பதில்லை. தெலுங்கர் குகையைக் 'கவி' என்பர்; நம் அகராதிகளில் அதுவே 'கெவி' என்றும் 'கெபி' என்றும் காணப்படும். நாம் 'பிலம்' எனக் கூறும் சொல் அங்கே 'பெலும்' என ஓர் ஊருக்கும் குகைக்கும் பெயராகி நிற்கிறது. ஆதலின் குகையைப் பற்றி அறிய வடக்கே சற்றுத் தொலைவு செல்வது நமக்கு அயல்நாட்டுப் பயணம் ஆகாது.

பில்லசுர்கம் கூறும் பாடம்

சுண்ணக்கல் உள்ள நிலத்தில்தான் பெரும்பாலும் நீண்ட குகைகள் உருவாகும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்நீர் பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணத்தைச் சிறுகச் சிறுகக் கரைத்துச் செல்ல, பல்லாயிரம் ஆண்டுகளில் வெடிப்பு வழியாகிறது, வழி மண்டபமாகிறது. திருத்தணியைச் சூழ்ந்த பாறைகள் இவ்வினத்தைச் சேர்ந்தவையல்ல. ஆனால் ஆந்திரத்துக் கர்னூல் பகுதியில் சுண்ணக்கல் பரந்து கிடக்கிறது. அங்கே பேத்தஞ்செர்லாவுக்கு அண்மையில், ஒரு குறுகிய மலையிடுக்கின் சுவர்களில் வாய்திறந்து நிற்பவை பில்லசுர்கம் குகைகள்.

கர்னூல் நவாபின் ஆட்சி 1839-இல் முடிவுற்றது. சில ஆண்டுகள் கழித்து, 1844-இல், கேப்டன் நியூபோல்டு என்பார் இக்குகைகளில் விலங்கெலும்புகள் உள்ளமையை எழுதி வெளியிட்டார். அக்குறிப்பு நாற்பதாண்டுக் காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பின்னர் அறிவியலறிஞர் ஹக்ஸ்லியின் தூண்டுதலால், சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் அவர்கள் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டை அங்கு ஆராயச் செய்தார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்வரலாற்றுக்கு வாயில் திறந்தவர் இவரே. 1883 முதல் 1885 வரை ஃபூட்டும், படையதிகாரியான அவர்தம் மகன் ஹென்றியும் இக்குகைகளில் பணியாற்றினர். 'பேராலயக் குகை', 'எலும்பறைக் குகை' என ஒவ்வொன்றுக்கும் தம் நாட்டு வழக்கப்படி பெயரிட்டு, எந்தக் குகையில் எந்தப் படுகையில் எது கிடைத்தது எனக் குறித்து வைத்தனர். எலும்புகளை ஆராய்ந்து 1886-இல் லிடெக்கர் நூல் வெளியிட்டார்.

இதன் பயன் என்ன? 1970-களில் எம்.எல்.கே. மூர்த்தி அதே வட்டாரத்தில் 'முச்சட்ல சிந்தமானு கவி' என்னும் குகையை அகழ்ந்து, பழைய கற்கால மனிதனின் கல், எலும்புக் கருவிகளை வெளிக்கொணர்ந்தார். ஃபூட் பெயரிட்ட குகைகளுக்கே மீண்டும் சென்ற ஆய்வுக்குழுவினர், ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுக் காலத்து விலங்கினங்களின் வரலாற்றை 2014-இல் வெளியிட்டனர். அவர்கள் இனங்கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் இத்துணைக்கண்டத்தில் இன்றளவும் வாழ்கின்றன என்பது அவர்தம் முடிவு. உலகின் பல பகுதிகளில் பெருவிலங்குகள் கூட்டமாக அழிந்துபோக, இம்மண்ணில் அவை தாக்குப்பிடித்தன என்னும் செய்தி எவ்வளவு பெரிது! ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர்க் குறித்து வைத்த ஏடுகள் இருந்தமையால்தான் பின்வந்தோர் அக்குகையோடு உரையாடலைத் தொடர முடிந்தது.

பெலும் குகையின் கதையும் ஈண்டு நோக்கற்பாலது. ஃபூட் 1884-இல் குறிப்பிட்ட இக்குகை நெடுங்காலம் குப்பை கொட்டும் குழியாகவே பயன்பட்டது. 1982, 1983 ஆண்டுகளில் ஹெர்பர்ட் டேனியல் கெபவர் தலைமையில் செருமானியக் குழுவினர் உட்சென்று அளந்து வரைபடம் வரைந்தனர். அதன் நீளம் 3,229 மீட்டர் எனத் தெரியவந்தது. பின்னர் அரசின் பாதுகாப்பு கிடைத்தது. 2002-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. ஊரார் குப்பை கொட்டிய இடம் ஊரார்க்கு வருவாய் தரும் இடமானதற்கு அளவைப்பணியே முதற்படி என்பது வெள்ளிடைமலை.

அளத்தலும் அறிவிப்பாளர் தொடரும்

குகையை அளக்கும் முறை எளிது. அளவு நாடா, திசைகாட்டி, சாய்வு காணும் கருவி, எழுதுசுவடி, விளக்கு ஆகிய ஐந்தே போதும். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடித்து ஒரு புள்ளியில் நிற்பார். மற்றவர் பார்வை எட்டும் தொலைவில் அடுத்த புள்ளியில் நின்று நீளமும் திசையும் சாய்வும் படிப்பார். மூன்றாமவர் அவற்றை எழுதிக்கொண்டே இருபுறச் சுவரும் கூரையும் எவ்வளவு தொலைவு என்பதையும் குறித்து, படமும் வரைவார். பின்னர் இரண்டாம் புள்ளியிலிருந்து மூன்றாம் புள்ளிக்கு நகர்வர். கண்ணுக்கு எட்டாத இருளும் இவ்வாறு கணுக்கணுவாகத் தாளில் ஏறும்.

இம்முறையை எண்ணுந்தோறும் ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் தொடர் என் நினைவுக்கு வரும். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி நலிந்தால் அச்செய்தியே நலிவுறும். குகை அளவையிலும் அவ்வாறே. ஒரு புள்ளியில் நேர்ந்த பிழை அதன்பின் வரும் புள்ளிகள் அனைத்தையும் இடம்மாற்றிவிடும். எனவேதான் முன்னோக்கிப் படித்த திசையை, மறுமுனையில் நின்று பின்னோக்கியும் படிக்கிறார்கள். இரண்டிற்கும் 180 பாகை வேறுபாடு இருத்தல் வேண்டும்; இல்லையெனில் மீண்டும் அளக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் தமிழ் மாணவருக்கும் இவ்வொழுக்கம் அந்நியமன்று.

நம் முன்னோர்க்கும் இத்துறையில் பங்குண்டு. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி, இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே மலையுச்சியில் நின்று, அடிவானின் சரிவுக் கோணத்தைக் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் சென்னையில் நகைத்தொழில் புரிந்தவர். இந்திய நில அளவைத் துறையின் கருவிகளைச் செப்பனிடும் பணியில் சேர்ந்து, ஜார்ஜ் எவரெஸ்டின் நன்மதிப்பைப் பெற்று, 1843-இல் அத்துறையின் கணிதக் கருவி வல்லுநராக உயர்ந்தார். எவரெஸ்டின் பெயர் சிகரத்தில் நிற்கிறது. மீர் மொஹ்சினின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

நம் வாயிலில் உள்ள குடியம்

திருத்தணிக்குக் கிழக்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள் உள்ளன. இவை சுண்ணக்கல் குகைகளல்ல. கூழாங்கற்கள் இறுகிப் பிணைந்த பாறையைக் காற்றும் நீரும் குடைந்து உண்டாக்கிய பெரும் பாறை ஒதுக்கிடங்கள் இவை. இந்தியத் தொல்லியல் துறை 1962 முதல் 1964 வரை இங்கு அகழ்ந்து பழைய கற்காலக் கருவிகளைக் கண்டது. அருகே கொசத்தலையாற்றுப் படுகையில்தான் 1863-இல் ஃபூட்டும் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கம் உள்ளது. அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் நிகழ்த்திய ஆய்வு, கைக்கோடரி செய்த மனிதன் 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னரே இங்கு வாழ்ந்தான் என 2011-இல் உறுதிசெய்தது.

மாணவர் சிலருடன் யான் அங்கு சென்றிருந்தேன். பெருங்குகையின் வாயில் எவ்வளவு அகலமிருக்கும் எனக் கேட்டேன். ஒருவர் சொன்னதில் பாதியையே மற்றொருவர் சொன்னார். மூன்றாமவர் இருவரையும் மறுத்தார். மூவரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பாறையைக் கண்டவர்கள்! நாடாவை விரித்தபோது மூவர் கூற்றும் பிழை எனத் தெரிந்தது. அவர்கள் முகத்தில் தோன்றிய நாணமும் வியப்பும் கலந்த புன்னகையை மறக்க இயலவில்லை. அன்று அவர்கள் கற்றதை வகுப்பறையில் ஓராண்டு பேசியும் யான் கற்பித்திருக்க முடியாது. பாறைச் சுவரிலோ சாயத்தால் எழுதிய பெயர்களும் அடுப்பு மூட்டிய கரியும் கண்டோம். அடுத்த தலைமுறை காணப்போவது எதுவோ என்னும் கவலை அப்போதுதான் எங்களைப் பற்றியது.

பெரியோர் ஐயம்

இத்திட்டத்தைக் கேட்ட சமுதாயப் பெரியவர் ஒருவர், "தம்பி, தோண்டுகிற வேலையெல்லாம் நமக்கு எதற்கு? இந்நாட்டில் தோண்டத் தொடங்கினால் அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தோமே!" என்றார். அவர் கூற்றில் உள்ள வலியை யான் மதிக்கிறேன். ஆயினும் நாம் தோண்டப் போவதில்லை, அளக்கவே போகிறோம். அகழ்வது சட்டப்படி உரிமை பெற்றோரின் பணி. மேலும், பழமையைப் பற்றிய வீண்கூற்றுகளுக்கு அஞ்சி ஒதுங்கினால் அவை ஓய்வதில்லை. அளந்து எழுதிய ஏடுதான் அவற்றுக்கு அணைபோடும். நாடா எவர் பக்கமும் சாய்வதில்லை. பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்து, "அப்படியானால் சரியாக அளந்து எழுதுங்கள்" என்றார். அதனை யான் ஆசியாகவே கொண்டேன்.

'தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?' என்பாரும் உளர். ஊர்மக்கள் ஒவ்வொரு முழைஞ்சுக்கும் வழங்கும் பெயரை, அதனோடு பிணைந்த கதையை, தெலுங்கும் தமிழும் உருதுவும் கலந்த எல்லைப்புற வழக்கைப் பதிவுசெய்ய வல்லவர் யார்? நிலவியலார் பாறையைக் கூறுவர்; பெயரைக் கூறத் தமிழ் மாணவர் வேண்டும். குடியத்திற்கென எளிய தமிழ் வரைபடம் ஒன்றை யான் இதுவரை கண்டதில்லை. அதனை நம் துறை செய்து முடித்தால் என்ன?

மாணவச் செல்வங்களே! ஆண்டுக்கு ஒரு குகை போதும். உரிய அலுவலரிடம் இசைவு பெறுங்கள். தனியே செல்லாதீர்கள், ஆளுக்கொரு விளக்கும் மாற்று விளக்கும் கொள்ளுங்கள். உள்ளே வழிபாட்டிடம் இருப்பின் ஊராரைக் கேட்டு, அவர் மனம் நோகாது நடந்துகொள்ளுங்கள். வௌவாலைக் கலைக்காதீர்கள், ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள். அளந்ததைத் தேதியிட்டு எழுதி, ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும் மறுபடியை அவ்வூர்ப் பள்ளியிலும் வையுங்கள்.

முன்னோர் நம்மிடம் விட்டுச்சென்றவை அமானிதம். அமானிதப் பொருளைப் பெற்றவன் முதலில் செய்ய வேண்டுவது எண்ணிக் குறித்துக்கொள்வதே. எண்ணாதவன் எதை இழந்தோம் என்பதையும் அறியான். அக்கடமையை நிறைவேற்றும் அறிவையும் ஆற்றலையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.