இரத்தம் சொல்லும் மனச்சோர்வு

1914இல் பெல்லக்ரா நோயை ஆராய அமெரிக்க அரசு ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. தோல் கருகி, வயிறு கழிந்து, கடைசியில் புத்தி பேதலித்துவிடும் நோய் அது. தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் பலர் நம்பியிருந்தார்கள். தென்மாநில மனநல விடுதிகளில் அவர் கண்டதோ வேறு. உள்ளே இருந்தவர்களை நோய் தின்றது. நாளெல்லாம் அவர்களோடு புழங்கிய பணியாளர்களை அது தொடவில்லை. வேறுபாடு சாப்பாட்டில் இருந்தது. ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் விடுதியில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுத்ததும் நோய் அடங்கியது. 1937இல் அந்தச் சாப்பாட்டில் குறைந்தது நியாசின் என்ற வைட்டமின் என்று தெரிந்தது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு உடலே நியாசினைச் செய்துகொள்ளும் என்ற உண்மை 1945இல் வெளிப்படத் தொடங்கியது.

எச்.ஐ.வி. வரலாற்றிலும் டிரிப்டோஃபானுக்கு இடமுண்டு. சிந்தனை மந்தமாகி, மறதி கூடி, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கி, நடையும் தடுமாறும் எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றி 1986இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் பிரைஸ் குழுவினர் விரிவாக எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் டீட்மார் ஃபுக்ஸ் குழுவினர், எச்.ஐ.வி. உள்ளவர்களின் இரத்தத்தில் டிரிப்டோஃபான் குறைந்தும், அது சிதைந்து உண்டாகும் கைனுரெனின் கூடியும் இருப்பதைக் கண்டார்கள்.

கிருமி நுழைந்ததும் நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது தூண்டிவிடும் ஒரு நொதி டிரிப்டோஃபானைச் சிதைக்கிறது. கிருமியைப் பட்டினி போடும் பழைய தற்காப்பு இது. சில நாள் காய்ச்சலுக்கு இந்த ஏற்பாடு போதும். ஆனால் எச்.ஐ.வி. உடலைவிட்டுப் போவதில்லை, நொதியும் ஓய்வதில்லை. மனநிலையோடு தொடர்புடைய செரடோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபான் குறைகிறது. கைனுரெனின் வழியில் பிறக்கும் குவினோலினிக் அமிலம் மூளை நரம்பணுக்களை அளவுமீறித் தூண்டிச் சிதைக்கக்கூடியது. டிமென்ஷியா வந்த எய்ட்ஸ் நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் அந்த அமிலம் மிகுந்திருந்ததை 1991இல் மெல்வின் ஹேய்ஸ் குழுவினர் காட்டினார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர் மனச்சோர்வு என்று வந்தால், "இந்த நோய் வந்தால் மனசு உடையத்தானே செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவமானமும் தனிமையும் வறுமையும் மனத்தை உடைப்பது உண்மைதான். அதையே முழுக் காரணமாக்கிவிட்டால் இரத்தத்தில் நடப்பதை யார் பார்ப்பது? உகாண்டாவில் எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து தொடங்கியவர்களை ஆராய்ந்தபோது, டிரிப்டோஃபான் சிதைவு குறைந்ததும் மனச்சோர்வு தணிந்ததும் தொடர்புடையவையாகத் தெரிந்தன. அதற்காக டிரிப்டோஃபான் மாத்திரையைத் தேடி ஓடக் கூடாது. நொதி முனைப்பாக இருக்கையில் கூடுதல் டிரிப்டோஃபானும் கைனுரெனினாகவே மாறிவிடலாம்.

வைரஸ் அடங்கியபின்னும் பலருக்கு உள்ளழற்சி முழுதாகத் தணிவதில்லை. சிகிச்சை மையங்களில் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதே, தூக்கம் எப்படி, மறதி உண்டா, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா என்றும் கேட்டு, சொல்வதைக் குறித்துவைக்க வேண்டும்.