பீர் காய்ச்சும் கணவருக்கு என்ன பரிசு?

கணவர்களுக்குப் பரிசு வாங்குவது பொதுவாக லேசான வேலைதான். சட்டை, வாட்ச், பர்ஸ், மிஞ்சிப் போனால் ஒரு செல்போன். ஆனால் அந்தக் கணவருக்கு வீட்டிலேயே பீர் தயாரிப்பது பொழுதுபோக்காக இருந்து, குடியிருப்பது கோயமுத்தூராகவும் இருந்துவிட்டால்? அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

ஒரு தம்பதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அமெரிக்காவில் நாலு வருடம் குப்பை கொட்டிவிட்டு சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குத் திரும்பியவர். துடியலூர் பக்கம் வீடு, கூடவே அப்பா அம்மா. அங்கே இருந்தபோது மாதம் ஒரு தடவை கார் ஷெட்டில் பெரிய பாத்திரம் வைத்து 19 லிட்டர் பீர் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அது தப்பே இல்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர், வரியில்லாமல் போட்டுக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. (அங்கேயும் எல்லா மாநிலமும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் வழிக்கு வந்தன.)

இப்போது பிறந்த நாள் வருகிறது. மனைவி இணையத்தில் தேடுகிறார். வாளி, குழாய், மால்ட், ஈஸ்ட் எல்லாம் சேர்த்து ஒரே டப்பாவில் விற்கிறார்கள். நான்கு க்ளிக், வீட்டு வாசலில் டெலிவரி. அப்பாடா, வேலை முடிந்தது!

முடியவில்லை. அந்த டப்பா கோவைக்கு வந்தால் அது பரிசு இல்லை, வழக்கு. தமிழ்நாட்டில் இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி பிரதமராக இருந்தபோது (அன்றைக்கு முதல்வருக்குப் பெயர் பிரதமர்) முதலில் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால், 1921-ல் கள்ளுக்கு எதிராக ஈ.வெ.ரா. தன் தோப்பில் இருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு நின்றதும் இதே கொங்கு மண்ணில்தான். அந்தச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது மட்டும் குற்றம் இல்லை. தயாரிப்பதற்கென்று பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும் குற்றம். 19 லிட்டர் வாளிக்கும் காட்டுக்குள் ஊறும் சாராய ஊறலுக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் கிடையாது.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை. 2003-லிருந்து தெருவுக்குத் தெரு அரசாங்கமே கடை வைத்து பீர் விற்கிறது. 1987-லிருந்து தென்னை வைத்திருக்கும் பொள்ளாச்சி விவசாயி சொந்த மரத்தில் கள் இறக்க முடியாது. வாளையார் தாண்டினால் பாலக்காட்டில் அதே கள்ளுக்கு உரிமம் உள்ள கடை. மரம் ஒன்றுதான், நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவே. "குடிக்கலாம், ஆனால் கம்பெனிக்காரன் போட்டதைத்தான் குடிக்கணும்" என்பதை மதுவிலக்கு என்று எந்த அகராதியில் சொல்வார்களோ!

இருந்தாலும் சட்டத்தின் பக்கமும் ஒன்று சொல்ல இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை என்று ஆக்கினார்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் கலந்த மெத்தனால். பார்லியை ஊறவைத்துப் புளிக்கவைக்கும் பீரில் அந்த அளவுக்கு மெத்தனால் வராது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அறுபது பிணங்களுக்குப் பிறகு, "சார், இது வேற, அது வேற" என்று ஸ்டேஷனில் வேதியியல் பாடம் நடத்துவது நடக்கிற காரியமா?

சட்டத்தை விட்டுவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. மனைவி கையால் வரும் பரிசு ஒரு பொருள் மட்டும் இல்லை, ஓர் அனுமதியும்கூட. குடியால் நொந்துபோன ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் நம் பக்கம் அபூர்வம். மாமியார் அடுப்படியில் அந்த வாளியைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதென்ன, சாராயம் காச்சறானா இவன்? வாங்கிக் குடுத்தது நீயா?" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வார்? அவருக்கு மனசார ஒப்புதல் இருந்தால் சரி. இல்லாமல், "அவருக்குப் பிடிக்குமே" என்று வாங்கிக் கொடுத்துவிட்டு வருடம் முழுக்க உள்ளுக்குள் புழுங்குவது என்ன பரிசு?

சரி, அப்படியானால் விலை உயர்ந்த வெளிநாட்டு பீர் பாட்டில்? அது இன்னும் மோசம். சமைக்கப் பிடித்தவருக்கு ஹோட்டல் பார்சல் வாங்கிக் கொடுப்பது போல. பீர் காய்ச்சுகிறவர்களில் பலருக்கு ருசி காய்ச்சுவதில்தான், குடிப்பதில் கம்மி. தானியத்தை 65 டிகிரி வெந்நீரில் போட்டு, மாவு சர்க்கரையாக மாறுவதை நோட்டில் எழுதி, இரண்டு வாரம் பொறுமையாகக் காத்திருந்து, "போன தடவையைவிட இந்தத் தடவை நல்லா வந்திருக்கு" என்று பூரிக்கிற ஜாதி அது. அந்தப் பூரிப்புக்கு ஆல்கஹால் தேவையே இல்லை.

மால்ட் என்பதும் அயல்நாட்டுச் சமாச்சாரம் இல்லை. சத்துமாவுக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து அரைக்கிறார்களே, அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவது அதுதான். நேபாளத்தில் இதே கேழ்வரகிலும், ஆப்பிரிக்காவில் நம் சோளத்திலும் பீர் போடுகிறார்கள். நம் ஊரில் அந்தப் பாதையில் பாதி தூரம் போய்க் கூழோடு நின்றுவிட்டோம். அந்தப் பாதி தூரத்திலேயே விளையாட நிறைய இருக்கிறது.

ஆகவே அந்தப் பெண் வாங்க வேண்டியது ரிஃப்ராக்டோமீட்டர். டார்ச்லைட் மாதிரி கையடக்கமான குழல். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று கோடு காட்டும். கரும்பு வெட்டுக்குத் தயாரா என்று பார்ப்பதும் இந்தக் கருவியில்தான். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஸ்டெதாஸ்கோப். இதை வைத்திருந்தால் எந்தச் சட்டமும் கதவைத் தட்டாது.

கூடவே ஒரு நல்ல தெர்மாமீட்டர். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கிண்டி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைகட்டிய மாவைக் கொஞ்சம் கலந்தால், கரண்டி நிற்கிற கூழ் சில நிமிடங்களில் தண்ணீராக இளகிவிடும். அரைமணிக்கு ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் சர்க்கரைக் கோடு ஏறிக்கொண்டே போகும். ஈஸ்ட் போடாமல் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அருமையான இனிப்பு பானம். குளிரவைத்து சோடா கலந்தால் இன்னும் ஜோர். வாரக் கடைசி முழுக்க ஓடிவிடும், மாமியாரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பார். இட்லி மாவு மார்கழிக் குளிரில் ஏன் பொங்குவதில்லை என்ற ஆராய்ச்சியில் அவரையே குருவாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் நொதித்தலில் அதிக அனுபவம் அவருக்குத்தான்!

கையில் இன்னும் காசு இருந்தால் பெங்களூருக்கு இரண்டு டிக்கெட். கோவையிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது, வண்டி ஓட்டுகிற பிரச்சினை இல்லை. அங்கே உரிமத்தோடு சொந்தமாக பீர் காய்ச்சும் கடைகள் நிறைய. அந்தப் பெரிய பாத்திரங்களைப் பார்த்தபடி அவர் வாய் ஓயாமல் பேசுவார், அந்தப் பெண் ஒரு எலுமிச்சை ஜூஸோடு கேட்டுக்கொண்டிருக்கலாம். பாட்டில் எதுவும் கையோடு கொண்டுவராமல் இருந்தால் போதும்.

கருவியைப் பிரித்ததும் முதலில் பூஜ்யத்துக்குச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். கோவைக்காரர்கள் எப்படியும் சிறுவாணித் தண்ணீரைத்தான் விடுவார்கள். பெரிய வித்தியாசம் வராது :-)