நிலத்து ஆர்க்கிடுகளும் நம் தோட்டங்களும்

ஆர்க்கிட் என்னும் பெயர் செவியிற்பட்ட மாத்திரத்தில், கண்ணாடி வீடும், கரித்துண்டு நிரப்பிய தொட்டியும், செல்வர் மாளிகை முன்றிலில் தொங்கும் கூடையுமே நம்மில் அநேகருக்கு நினைவுக்கு வருகின்றன. அக்குலத்தில் மரக்கிளைகளைத் தொற்றி வாழ்வன மிகப் பல என்பது மெய்யே. ஆயினும் ஏனைச் செடிகளைப்போல மண்ணிலே வேரூன்றி வாழ்வனவும் பலவுள. அக்குலம் முழுமைக்கும் பெயர் வந்ததே நிலத்து ஆர்க்கிடால்தான். மண்ணுக்குள் இணையாய்க் கிடக்கும் அதன் கிழங்குகளின் வடிவை நோக்கியே பண்டைக் கிரேக்கர் அதனை 'ஓர்க்கிஸ்' என்றனர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று விற்கப்படுவதும் இவ்வினத்துக் கிழங்கே.

இத்தகைய ஆர்க்கிடுகளை எளிய தோட்டங்களிலும் வளர்க்கலாம். வளர்க்கவும் வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். ஆனால் காட்டிலிருந்து தோண்டிக் கொணர்ந்த செடி ஒன்றேனும் அத்தோட்டங்களில் இருத்தலாகாது என்பதையும் அதனோடு சேர்த்தே கூற விரும்புகின்றோம். இவ்விரண்டனுள் முன்னதைப் பலரும் ஒப்புவர். பின்னதை ஒப்புவோர் சிலரே. ஆதலால் அதன் காரணத்தைச் சற்று விரித்துரைப்போம்.

கல்லூரிகளிலிருந்து தாவர நூல் பயிலும் மாணவர் பழனிமலைக்கும் நீலகிரிக்கும் செல்லுதல் வழக்கம். மழை பெய்து தணியும் காலத்தில் அம்மலைப் புல்வெளிகளில் ஸட்டீரியம் இளஞ்சிவப்புக் கதிராயும், ஹபனேரியா வெண்மலர்க் கொத்தாயும் நிற்கக் காண்போர் உள்ளம் களிப்புறாதிராது. அக்களிப்பிலே ஒருவர் ஒரு செடியைக் கிழங்கோடு அகழ்ந்தெடுத்து, ஈரத்துணியிற் சுற்றி, ஊருக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் நடுகின்றார். சில நாளில் அஃது அழுகிவிடுகின்றது. தண்ணீர் மிகுந்துவிட்டதென்றோ, வெப்பம் ஒவ்வாததென்றோ அவர் தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். உண்மைக் காரணம் வேறு.

இச்செடிகளிற் பல, மழையோடு முளைத்துப் பூத்து, வறட்சி வந்ததும் இலை காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காய் உறங்குவன. இவ்வாண்டுக் கிழங்கு பூவுக்கு உணவளித்துச் சுருங்கும்போதே, அடுத்த ஆண்டுக்குரிய கிழங்கு அதன் அருகில் திரளுகின்றது. பூத்திருக்கும் வேளையில் தோண்டுபவர் முதிர்ந்ததையும் இளையதையும் ஒருங்கே குலைத்துவிடுகின்றார். அன்றியும், இச்செடிகளின் வேர்களில் ஒருவகை நுண்ணிய பூஞ்சணம் கூடி வாழ்கின்றது. ஆர்க்கிட் விதை தூசியினும் நொய்யது. ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் அடங்கியிருப்பினும், முளைக்குரிய உணவு அவற்றுள் ஒன்றிலேனும் சேமித்து வைக்கப்படவில்லை. அப்பூஞ்சணம் ஊட்டினாலன்றிக் காட்டில் அவை முளையா. இவ்வுண்மையைப் பிரான்சு தேசத்து நோயல் பெர்னார் என்பவர் 1899-இல் கண்டறிந்தார். ஆகவே புல்வெளியின் மண்ணை விட்டுப் பெயர்க்கப்பட்ட செடி, தன் துணையை இழந்து வருகின்றது. அதற்கு ஈடாக ஒன்று அப்புல்வெளியில் விதையினின்று எழுந்து பூப்பதற்கோ ஆண்டுகள் பல செல்லும்.

இஃது ஓரிருவர் ஓரிரு செடி எடுப்பதனால் நேரும் சிறு நஷ்டமென்று எண்ணுவாருக்கு இங்கிலாந்தின் சரித்திரத்தை எடுத்துக் காட்டுவோம். பாதுகை ஆர்க்கிட் என்று சொல்லத்தகும் மஞ்சள் மலர்ச்செடி அந்நாட்டின் வடபாகத்துச் சுண்ணாம்புக்கல் நிலங்களில் முன்னாளில் வளர்ந்திருந்தது. தோட்டங்களுக்கென்றும் விற்பனைக்கென்றும் பலரும் அதனைத் தோண்டிச் சென்றமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஃது அற்றுப்போயிற்றென்றே கருதப்பட்டது. 1930-இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி காணப்பட்டது. அதன் இருப்பிடத்தை மறைத்து நெடுங்காலம் காவல் புரிந்தனர். 1983-இல் கியூ தோட்டத்தார் அதனை விதையினின்று பெருக்கும் முயற்சியைத் தொடங்கினர். அங்ஙனம் வளர்த்து வெளியில் நட்ட செடிகளுள் ஒன்று முதன்முதல் பூத்தது 2000-ஆம் ஆண்டிலேயாம். தோண்டுதற்குச் சில நிமிஷம் போதும். மீட்பதற்கு எத்துணைப் பிரயாசை!

இச்செடிக்கு உறவான பாதுகை ஆர்க்கிட் ஒன்று நம் தென்கோடியிலும் உண்டு. ட்ரூரி என்னும் ஆங்கிலேயர் 1865-இல் கண்டமையால் அவர் பெயரையே பெற்ற அது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியாகிய அகத்தியமலைச் சாரலிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. மஞ்சளிதழில் கபிலநிறக் கோடோடிய அதன் அழகே அதற்குக் கேடாய் முடிந்தது. சேகரிப்போர் அதனை வாரிச் சென்றனர். இன்று அஃது அழிவின் விளிம்பில் நிற்கின்றது. பொதிகையைத் தமிழின் பிறப்பிடமென்று போற்றும் நாம், அம்மலைக்கே உரிய மலரின் பெயரையும் அறியாதிருத்தல் தகுமோ?

'காட்டில் அழியவிருப்பதைத் தோட்டத்திற்குக் கொணர்தல் அதனைக் காப்பதன்றோ?' என்று கேட்பாருமுளர். கற்றறிந்த தோட்டத்தார், உத்தரவு பெற்று, விதையெடுத்து ஆய்வுசாலையில் பெருக்குவதாயின் அஃது உண்மையில் காத்தலேயாம். தனியொருவர் தம் தொட்டிக்கென்று எடுப்பதை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. காப்புக்காட்டினின்று உத்தரவின்றிச் செடி கொணர்தல் சட்டத்திற்கும் விரோதம். ஆர்க்கிட் குலம் முழுவதும் 1975 முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச வாணிக உடன்படிக்கையால் காக்கப்படுகின்றது. பயிலும் மாணவருக்குக் கைப்பேசியில் எடுக்கும் படமும், குறிப்பேடும், பூதக்கண்ணாடியுமே பெரும்பாலும் போதுமானவை. காட்டு மலர்களை உற்று நோக்கும்படியே மலைப்பிரசங்கத்தில் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கின்றது. அவற்றைத் தோண்டும்படி அன்று.

அங்ஙனமாயின் நம் தோட்டத்தில் எதனை நடுவது? 1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், பூஞ்சணத்தின் உதவியின்றியே சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைப்பிக்கும் வழியை வெளியிட்டார். அதன் பயனாக, நாற்றுப்பண்ணைகளில் பெருக்கப்பட்ட ஆர்க்கிடுகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவற்றுள் சமவெளிக்கு ஏற்றது ஸ்பாத்தோகிளாட்டிஸ். இலை பனங்கன்றின் ஓலைபோல் மடிப்பு மடிப்பாய் நீண்டிருக்கும். பூ ஊதா, வெள்ளை, மஞ்சள் எனப் பல நிறத்தது. மலேயா, ஜாவா முதலிய இடங்களில் தானே வளர்வது. 1883-இல் எரிமலை வெடித்து வெறுநிலமாகிய கிரக்கத்தோவாத் தீவில் தொடக்கத்திலேயே குடியேறிய செடிகளுள் இதுவும் ஒன்றென்றால், இதன் உரத்தைக் குறித்து வேறு சான்று வேண்டுவதில்லை. குளிர்மிக்க மலையூர்களில் வாழ்வோர், சீனம், ஜப்பான் தேசத்துப் பிளெட்டில்லாவை நடலாம். அஃது உறைபனியையும் ஓரளவு தாங்கும்.

வளர்க்கும் முறையும் அரிதன்று. செம்மண், மணல், நன்கு மக்கிய இலையுரம் ஆகிய மூன்றையும் கலந்து, நிலமட்டத்தினும் ஒரு சாண் உயர்ந்த பாத்தி அமைத்தல் வேண்டும்; ஐப்பசி அடைமழையில் நீர் தேங்குமாயின் வேர் அழுகும். கிழங்கு போன்ற அடித்தண்டை ஆழப் புதைக்காமல், அதன் கழுத்து மேலே தெரியும்படி நடுக. காலை வெயிலும், பிற்பகல் நிழலும் நலம். கோடையில் சருகால் மூடாக்கிட்டு, மண் முற்றும் உலராதவாறு நீர் விடுக. தூறு நெருங்கியபின், இரண்டு மூன்று கிழங்குகள் ஒருங்கிருக்குமாறு பிரித்து வேறிடத்தில் நடலாம். உறங்கும் இயல்புடைய பிளெட்டில்லாவுக்கு இலை உதிர்ந்தபின் நீரை மிகக் குறைத்தல் அவசியம்.

இவ்வளவும் கூறியபின், கல்லூரித் தோட்டத்தைப்பற்றி ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். நூல்நிலையத்துக்கோ, விடுதிக்கோ அருகில் நிழலுள்ள ஓரிடத்தில் இத்தகைய பாத்தி ஒன்றை மாணவரே அமைக்கட்டும். பண்ணையிற் பெற்ற பத்துச் செடிகள் அதற்குப் போதும். தூறு பெருகப் பெருகப் பிரித்து, படிப்பு முடித்துச் செல்வார்க்கு ஆளுக்கொரு கன்று அளிக்கலாம். பழைய மாணவர் இம்முயற்சிக்குக் கைகொடுப்பரென நம்புகின்றோம். தன் கையால் ஓர் ஆர்க்கிடை நட்டு, அது பூக்கும்வரை காத்திருந்தவன், மலைப் புல்வெளியிற் பூத்த ஒன்றைக் காணுங்கால் மண்வெட்டியை நாடமாட்டான் என்பது எமது துணிபு.